இருபது நிமிஷ வசதி

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததைப் பார்த்து, எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டீர்களாம். கோபமெல்லாம் இல்லை. பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைக்கும், உடனே உங்களில் ஒருவர் டீ கொண்டு வந்து நீட்டுவீர்கள், பேச்சு டீயோடு போய்விடும். நமக்கெல்லாம் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. தொண்டை அடைத்தால் அது அழுகையா, சளியா என்று நமக்கே தெரிவதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துக்குக் குறுக்கே யாரும் தம்ளரை நீட்ட முடியாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மே மாதம் பிறந்துவிட்டால் நாம் ஏழெட்டுப் பேர் அஸ்தம்பட்டியில் அந்த மாடி அறையில் உட்கார்ந்து, வீட்டில் யாருமே கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்கு வழி சொல்கிறோம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தச் சான்றிதழ், எந்த இடத்தில் கையெழுத்து. உதவி கேட்கிற பிள்ளையின் வீட்டை நம்மில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார். ஓமலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் தாளில் இந்த முறை இப்படி இருந்தது: 'சோபா உண்டு. பெரிய டிவி உண்டு. வாசலில் புது வண்டி நிற்கிறது. வசதியான வீடு. பரிந்துரைக்க இயலவில்லை.'

எழுதியவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தாளைப் படித்ததும் எனக்குக் கண்ணுக்குள் ஒரு மாடு வந்து நின்றது. எங்கள் எதிர்வீட்டு மாடு. அது அன்றைக்குச் செய்த காரியத்தைச் சொல்லாமல் என்னால் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச முடியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. தெரு முழுக்கக் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். தெருவின் நடுவில் ஒரு விசைத்தறிப் பட்டறை. அப்பா அதில் நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்டார். பட்டறைக்காரரை நான் மாமா என்பேன், அம்மா அண்ணா என்பாள். சொந்தமெல்லாம் இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் அப்படித்தான். நாங்கள் இருந்த ஒற்றை அறை வீடும் அவருடையதுதான். அம்மா வீட்டில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவாள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்க, சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றித் தருகிற வேலை. அம்மாவின் ஆள்காட்டி விரலில் நூல் ஓடி ஓடி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் என் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு.

விடிந்ததிலிருந்து தறிச்சத்தம். கஞ்சிப் பசை வாசம். கண்ணிமை மேலெல்லாம் பஞ்சுத் தூசி. காற்று திரும்பினால் ஜவ்வரிசி ஆலையிலிருந்து புளித்த வாடை வரும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் தெருக்காரர்களுக்கு மெதுவாகப் பேசவே வராது. சாவு வீட்டில்கூடக் கத்தித்தான் ஆறுதல் சொல்வார்கள். கரண்ட் போகிற நிமிஷத்தில் மட்டும் ஒரு நிசப்தம் வந்து இறங்கும் பாருங்கள், யாரோ பெரிய மனிதர் தெருவுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

அப்படி ஒரு கரண்ட் போன நேரத்தில்தான் என் அக்கா ஓடி வந்து பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்துவிட்டதாகச் சொன்னாள். தறிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிய அப்பா, "நல்லதுங் சாமி" என்றார். பெற்ற மகளுக்கு மரியாதை 'ங்' போட்டது எனக்கு அதிசயமாக இருந்தது. மறுபடியும் கரண்ட் வந்தது. அப்பா தறிக்குத் திரும்பிவிட்டார்.

அம்மா அதற்கு ஒரு வாரம் முன்பே கல்யாணத் தரகரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எடுத்ததுமே வந்து நிக்க மாட்டாங்க அம்மிணி. மொதல்ல ஒரு ஆளு வருவாரு. சொல்லாம கொள்ளாமத்தான் வருவாரு. டீக்கடையில விசாரிப்பாரு. எதுக்கு வந்தீங்கன்னு நீங்க கேக்கக்கூடாது, அவரும் சொல்ல மாட்டாரு. ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்துக்கோணும். அதுதான் மரியாதை."

இதை மறந்துவிடாதீர்கள். எங்களைக் கவிழ்த்தது இந்த மரியாதைதான்.

இனி டைப் அக்கா. ஆட்டையாம்பட்டியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே தட்டச்சுப் பள்ளி வைத்திருந்தார். இருபத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. சைக்கிளில் போவார், சைக்கிளில் வருவார். அக்கா அவரிடம்தான் டைப் பழகினாள். இந்த மூன்றும் ஒரே பெண்ணிடம் இருந்தால் எங்கள் தெரு என்ன பேசும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அது கூடச் சேந்தா உன்ற மவளும் ஒத்தையிலதான் நிப்பா" என்று அம்மாவிடம் சொல்லாத ஆள் இல்லை. அந்த மாடியில் வரிசையாக இருந்த ஆறு தட்டச்சு இயந்திரங்களை நான் முதன்முதலில் பார்த்தபோது, இதுவும் ஒரு சின்னத் தறிப்பட்டறை என்றுதான் நினைத்தேன். அதே சத்தம். ஆனால் இங்கே துணிக்குப் பதிலாக எழுத்து இறங்கியது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஊரில் படித்த பெண்பிள்ளைகள் யாராவது கண்ணில் பட்டால் டைப் அக்கா விடமாட்டார். சேலத்தில் ஏற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. அதில், வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பெண்களுக்கென்று சில இடங்கள் வைத்திருந்தார்கள். சம்பளம், புத்தகம், மதியச் சோறு எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. அக்காவுக்கு அதில் ஓர் இடம் வாங்கிவிட வேண்டும் என்பது டைப் அக்காவின் பிடிவாதம். ஆனால் எடுத்ததும் விண்ணப்பத்தைக் கையில் கொடுக்கவில்லை. யாருக்கும் கொடுக்க மாட்டாராம்.

"மொதல்ல அந்தக் காலேஜுக் கேட்டைத் தொட்டுட்டு வா. உள்ள போவ வேண்டாம். பஸ் ஏறு, எறங்கு, நாலு பேர்கிட்ட வழி கேளு, கேட்டைத் தொடு, திரும்பி வா. அதுக்கப்புறம் பாரம் எழுதலாம்."

"எதுக்குங்க்கா?"

"தொட்ட பொருளைக் கேக்கறதுக்கு வாய் கூசாது."

துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள் அக்கா. சேலத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, அஸ்தம்பட்டி தாண்டி இறங்கி நடந்தோம். மே மாத வெயில். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. கேட் என்றால் எனக்குப் பட்டறையின் தகரக் கதவுதான். இது இரண்டு ஆள் உயரம். பச்சைப் பெயிண்ட், கம்பிகளின் நுனியில் ஈட்டி மாதிரி கூர். அதற்கு அந்தப் பக்கம் மரங்கள், மரங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கட்டடம் கண்ணுக்கு அடங்காமல் நீண்டுகொண்டே போனது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று பெண்கள் நடந்து போனார்கள். அவர்கள் பேசிக்கொண்டது எங்களுக்குக் கேட்டது. மெதுவாகப் பேசியே ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள முடிகிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா உள்ளங்கையைக் கம்பியில் வைத்தாள். வெயிலில் பழுத்த இரும்பு. எடுக்கவே இல்லை.

"ஏம்மா, யாரு நீங்க? என்ன வேணும்?" என்று காவல்காரர் எழுந்து வந்தார்.

"ஒண்ணும் வேண்டாமுங்க. தொட்டுட்டுப் போலாம்னு."

அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "தொட்டாச்சில்ல? சுடுது பாரு, கையை எடு சாமி" என்றார்.

திரும்பி வந்து டைப் அக்காவிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சுங்க்கா."

"வெளிய நின்னா சூடுதான். உள்ள நெழலு இருக்குது" என்று சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். "போட்டு வை, கெடைக்கவா போவுது" என்றார். அம்மாவின் ராட்டை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. பதில் வந்தால் தட்டச்சுப் பள்ளிக்கே வரட்டும் என்று அந்த முகவரியைக் கொடுத்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து ஒருவர் குடையும் நோட்டுமாக வீட்டைப் பார்க்க வருவார் என்பது டைப் அக்காவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். ஆடி பிறந்த பிறகு வருவார் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அதற்குள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள் அக்கா. அவர் ஆனி மாதமே வந்துவிட்டார். முன்னால் தகவல் சொல்லவில்லை. சொல்லாமல் போனால்தான் உண்மையைப் பார்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம். எங்கள் ஊரில் சொல்லாமல் வருகிற மனிதர் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வருவார்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அக்கா தட்டச்சுப் பள்ளியில். நான் தார்ப்பெட்டிக்குப் பக்கத்தில். டீக்கடை அண்ணன் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடி வந்தார்.

"அக்கா! ஆளு வந்துட்டாரு! வெள்ளைச் சட்டை, கையில குடை. பொண்ணு எப்படி, சொந்த ஊடா, எத்தனை தறி, அப்பனுக்குக் குடி கிடி உண்டான்னு கேக்கறாரு. பொண்ணு தங்கக் கட்டின்னு சொல்லிப்போட்டேன். பஜ்ஜி போடறேன், இருந்து சாப்புட்டுப் போங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கறேன். மாவே இனிமேத்தான் கரைக்கோணும். இருவது நிமிசம் இருக்குது உங்களுக்கு!"

அந்த இருபது நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒரு தெருவுக்கு அத்தனை கை உண்டு என்று யாருக்குத் தெரியும்? அம்மா ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல நான்தான் ஓடினேன். மாமா வீட்டு ஒயர் நாற்காலி இரண்டு. அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம். மூலை வீட்டு ரேடியோ, பூப்போட்ட உறையோடு. பக்கத்து வீட்டு எவர்சில்வர் தம்ளர்கள். பக்கத்து வீட்டக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அம்மா கழுத்தில் போட்டு, "தலையை நிமுத்திப் பேசுங்க்கா" என்றாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா, யாரும் கேட்காமலேயே தன் கறவை மாட்டை ஓட்டி வந்து எங்கள் வாசலில் கட்டிவிட்டு, "இதுவும் இருக்கட்டும்" என்று போனார்.

குடைக்காரர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நல்ல முகம். அம்மா தம்ளரில் தண்ணீரும் தட்டில் கைமுறுக்கும் வைத்தாள். அவர் தம்ளரைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அதில் வெட்டியிருந்த பெயரை அவர் படித்ததை நான் பார்த்தேன். அது எங்கள் பெயர் இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. குடித்தார்.

"சொந்த வீடுங்களா?"

"ஆமாங்க. எங்க மாமனார் கட்டுனதுங்க."

"தறி?"

"நாலுங்க. கேக்குது பாருங்க, நம்முளுதுதான் ஓடுது."

"பொண்ணு மேல படிக்கணும்னு ஆசைப்படுதுங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அம்மாவுக்குத் தயாராக இருந்தது. "அதெல்லாம் இல்லீங்க. அடக்கமான புள்ளைங்க. நாங்க என்ன சொல்றமோ அதைக் கேட்டுக்கும்."

அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினார். சம்பந்தம் பேச வந்தவர் எதற்கு எழுதுகிறார், ஜாதகத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்குள் ஏதோ உறுத்தியது. ஒன்பது வயதுப் பிள்ளையின் உறுத்தலை யார் கேட்கப் போகிறார்கள்? நானும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து மாடு, கயிற்றை உருவிக்கொண்டு, வாலை ஒரு வீசு வீசிவிட்டு, தெருவைக் கடந்து நேராகத் தன் வீட்டுக்குள் போய் நின்றுகொண்டது. குடைக்காரர் அதையே பார்த்தார்.

"மேயப் போவுதுங்க" என்றாள் அம்மா.

மதியம் அக்கா வந்தாள். நாற்காலியையும் கடிகாரத்தையும் அம்மாவின் கழுத்தையும் பார்த்தாள். "யாரும்மா வந்தது?"

"மாப்பிள்ளை ஊட்டு ஆளு. தங்கமான மனுசன்."

"குடை வெச்சிருந்தாரா?"

"ஆமா."

"நோட்டுல எழுதுனாரா?"

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா மெதுவாக அந்த ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. தட்டில் மிச்சமிருந்த முறுக்கை எடுத்து, பிய்க்காமல், கையிலேயே வைத்திருந்தாள். சற்று நேரத்தில் மாமா வந்து, "எந்திரி சாமி, சேரு வேணும்" என்றார். எழுந்தாள். அவர் எடுத்துக்கொண்டு போனார்.

கல்லூரிக் கடிதம் அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை வந்தது. டைப் அக்கா அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். குடும்பம் வசதியானது, மாணவிக்கும் மேற்படிப்பில் விருப்பம் இல்லை, எனவே இடம் தருவதற்கில்லை. வெள்ளிக்கிழமையோடு அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அம்மா அவர் மேல் பாய்ந்தாள். "எல்லாம் உன்னாலதான்! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க இப்படி நாடகம் ஆடியிருப்பமா?"

"தப்புத்தானுங்க்கா. சொல்லியிருக்கோணும்" என்றார் டைப் அக்கா. பிறகு சொன்னார்: "நான் எத்தனை தாள் வேணும்னாலும் டைப் அடிச்சுத் தரலாம். ஆனா நீங்க சொன்ன சொல்லை நான் திருப்பி வாங்க முடியாதுங்க்கா. சொன்ன வாய்தான் போய் வாங்கோணும்."

இது எத்தனை பெரிய காரியம் என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. இரண்டு பெண்களை வைத்திருக்கிற ஒரு தாய், எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று ஊர் அறியச் சொன்னால், நாளைக்கு எந்த மாப்பிள்ளை வீட்டு ஆளும் அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டான். இல்லை என்பதை மறைத்து மறைத்துத்தான் அம்மா எங்களை வளர்த்திருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் பெட்டியில் இருந்த ஒரே சொத்து அந்த மறைப்புத்தான். அன்று முழுக்க அவள் தார் சுற்றினாள். நூல் அறுந்தது, முடிந்தாள், அறுந்தது, முடிந்தாள்.

வியாழக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டாள். "என்னென்ன சாமான் வாங்கியாந்தே, யாரு யாரு ஊட்டுலன்னு சொல்லு கண்ணு. ஒண்ணு உடாமச் சொல்லு."

நான் சொன்னேன். ஓடி ஓடித் தூக்கி வந்தவள் அல்லவா, ஒரு தம்ளர் மறக்கவில்லை. டைப் அக்காவின் மாடியில், நான் சொல்லச் சொல்ல அந்த இயந்திரம் தட்டியது. நான் சொன்ன வார்த்தை கறுப்பு எழுத்தாகத் தாளில் இறங்குவதைப் பார்த்த மயக்கம் எனக்கு இன்னும் தெளியவில்லை. அதை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அம்மா கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனாள்.

பக்கத்து வீட்டக்கா கைநாட்டு வைத்துவிட்டு, "சங்கிலி என்னுதுன்னு எழுதியிருக்குதா? நல்லாப் படிச்சுச் சொல்லு கண்ணு. இதைப் பாத்தாவது அது என்னுதுன்னு என்ற ஊட்டுக்காரர் ஒத்துக்கட்டும்" என்று சிரித்தாள். எதிர்வீட்டுத் தாத்தா, "மாட்டுக்கு எதுக்கம்மா கையெழுத்து? அது அன்னைக்கே உண்மையைச் சொல்லிட்டுத்தானே ஊட்டுக்கு வந்துச்சு?" என்றார். அத்தனை நாளில் முதன்முறையாக அம்மா சிரித்தாள்.

மாமாதான் முறுக்கிக்கொண்டார். வீடும் தறியும் அவருடையது. அவர் சொன்னால்தான் மற்றதெல்லாம் நிற்கும்.

"என்ற பேரும் தறிக் கணக்கும் ஒரே பேப்பர்ல இருக்கக்கூடாது தங்கச்சி. எந்தப் பேப்பர் எந்த ஆபீசுக்குப் போவும்னு யாரு கண்டா? கணக்குல காட்டாத தறிக்கு நாளைக்கே கரண்ட் ஆபீஸ்காரன் வந்து நின்னான்னா? கையெழுத்து மட்டும் கேக்காதே."

அம்மா கெஞ்சவில்லை. தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா தறியை விட்டு வர முடியவில்லை. அம்மா, அக்கா, டைப் அக்கா, நான். பஸ் நிறுத்தத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, சட்டை. தோளில் ஒயர் நாற்காலி.

"கையெழுத்துத்தான் போட மாட்டேன்னு சொன்னேன். வர மாட்டேன்னு சொன்னனா?"

"சேரு எதுக்குங்ண்ணா?"

"நான் வாயில சொன்னா நம்போணுமே. சேருக்கு அடியில என் இனிசியல் சிவப்புப் பெயிண்டுல இருக்குது."

கண்டக்டர் நாற்காலிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். பஸ்ஸில் இடமில்லை. மாமா நாற்காலியை நடுவில் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. அக்காவும் உட்காரவில்லை. சேலம் வரைக்கும் நான்தான் உட்கார்ந்து போனேன். ஓடுகிற பஸ்ஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன ஆள் உங்களில் யாராவது உண்டா?

அதே பச்சைக் கேட். காவல்காரர் நாற்காலியைப் பார்த்து ஏதோ கேட்க வந்தார். அதற்குள் அம்மா அக்கா பக்கம் திரும்பினாள்.

"இதைத்தான் தொட்டீங்களா?"

"ஆமாம்மா."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். பள்ளம் விழுந்த அந்த விரலை முதலில் வைத்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும். கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள், சுற்றிய தார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி. "நடங்க" என்றாள்.

கல்லூரி முதல்வரின் அறையில் குடைக்காரரும் இருந்தார். அம்மா உட்காரவில்லை. தறிக்கு மேலே பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள், கட்டடமே அதிர்ந்தது.

"நான் பொய் சொல்லிட்டனுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரருன்னு நெனச்சுச் சொல்லிட்டனுங்க. சேரு இவங்களுது. கடியாரம் இவங்களுது. தறி அத்தனையும் இவங்களுது. ஊடும் இவங்களுதுதானுங்க. சங்கிலி பக்கத்து ஊட்டுது. ரேடியோ மூலை ஊட்டுது. மாடு போனதை இவரே பாத்தாருங்க."

மாமா நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டினார். முதல்வர் அம்மா தாளை வாங்கிப் படித்தார். மேலிருந்து கீழாக ஒவ்வொரு கைநாட்டையும் பார்த்தார். பிறகு, கேலியாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "சரிம்மா. அன்றைக்கு அங்கே இருந்ததில் உங்களுடையது என்று என்னதான் இருந்தது?"

அம்மா யோசித்தாள். அவளுக்குக் குரல் இறங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்களுதுன்னா... ரெண்டு பொண்ணுங்கதானுங்க. அதுலயும் ஒண்ணு அன்னைக்கு ஊட்டுல இல்லீங்க."

கரண்ட் போன மாதிரி இருந்தது. குடைக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "தம்ளரில் வேறு பெயர் இருந்தது மேடம். பார்த்தேன். கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்."

பாருங்கள், அவரும் மரியாதை பார்த்திருக்கிறார்.

முதல்வர் அம்மா அக்காவைப் பார்த்தார். "உனக்குப் படிக்க விருப்பம் இல்லை என்று எழுதியிருக்கிறதே?"

"அன்னைக்கு நான் டைப் பழகப் போயிருந்தனுங்க மேடம். என்னைக் கேக்கலீங்க" என்றாள் அக்கா.

நாளை மதியம் வரை இடத்தை நிறுத்தி வைப்பதாகவும், குடைக்காரர் மறுபடியும் வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றும் முடிவாயிற்று. நாளை எதற்கு என்று அவர் எங்களோடேயே பஸ் ஏறிவிட்டார். தெருமுனையில் இறங்கியதும் டீக்கடை அண்ணன், "மாப்பிள்ளை ஊட்டுக்காரரு திரும்பியும் வந்துட்டாருடோய்! பஜ்ஜி போடட்டுங்களா?" என்று கத்தினார். "வாயை மூடு சாமி" என்றாள் அம்மா.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் வாய் பழக்கத்தில் தானாகச் சொன்னது: "கண்ணு, ஓடிப் போயி மாமா ஊட்டுல சேரு..." அத்தோடு நின்றுவிட்டது. மாமா வாசலில் நாற்காலியும் தோளுமாக நின்று அம்மாவையே பார்த்தார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா பாயை விரித்தாள். ஓரத்தில் கோரை பிரிந்த பாய். குடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வயிறு ஒடுங்கின சொம்பு. அவர் அதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அதில் பெயர் இல்லை. பெயர் வெட்டிக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அதை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். அன்றைக்கு அவர் நோட்டை வெளியே எடுக்கவே இல்லை.

அக்கா திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனாள். அந்த வாரமே நிஜமான மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்து டீக்கடையில் விசாரித்தாராம். "பொண்ணு காலேஜுக்குப் போயிருக்குதுங்க, மூணு வருசம் கழிச்சு வாங்க" என்று நம் அண்ணன் பஜ்ஜிகூடப் போடாமல் அனுப்பிவிட்டார். சில வருஷம் கழித்து நானும் அதே கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் விண்ணப்பம் எழுதினேன். அந்தச் சொம்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நம் அறையில் நான் ஏன் எல்லாப் பிள்ளைகளையும் முதலில் பஸ் ஏறிப் போய்க் கேட்டைத் தொட்டுவிட்டு வரச் சொல்கிறேன் என்று கேலி செய்வீர்களே, அது என் யோசனை இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஓமலூர்ப் பெண்ணின் வீட்டுக்கு நான் போகிறேன். அந்தத் தாளை அதுவரைக்கும் மூடி வைக்காதீர்கள். முதலில் தெருமுனை டீக்கடையில் நின்று, நான் பெண் கேட்டு வரவில்லை, படிப்பு விஷயமாக வந்திருக்கிறேன் என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வேன். தறித்தெருக் குரல் இன்னும் எனக்கு இருக்கிறது. ஒரு டீ குடிப்பேன், அவசரமில்லாமல், சாமான்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும். பிறகு உள்ளே போவேன். முட்டி வலிதான். ஆனாலும் சோபாவைக் காட்டினால் பாய் கேட்பேன்.